எண்பது கலோரி போர்க் மோமோ

"ஏலே, ரெண்டு காலையும் வச்சு நில்லுலே!"

"ரெண்டும் வச்சுதான்க்கா நிக்கேன்!"

எடை மெஷினின் முள் நாற்பத்தெட்டைத் தாண்டவில்லை. பாண்டி இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தான்; அதே நாற்பத்தெட்டு. பட்டாளத்து ஆளெடுப்புக்கு ஐம்பது கிலோ வேண்டும். இருப்பது பதினைந்தே நாள். வயசுக் கணக்குப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

அன்று சாயங்காலமே வழி கிடைத்தது. குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் ஒரு புதுக் கடை. போர்டில் 'போர்க் மோமோ'. உடனே போனில் தேடினான். திபெத்துக்காரர்களின் பன்றிக்கறி மோமோ, கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகவைத்தது, ஒன்றுக்கு எண்பது கலோரி, நாலு கிராம் புரோட்டீன்!

"பத்து தின்னா எண்ணூறுக்கா!"

"அம்மைக்குத் தெரிஞ்சா உன்னையே ஆவியில வச்சிருவா," என்றாள் அக்கா இசக்கிச்செல்வி.

பன்றிக்கறியை அவன் தொட்டதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். கறி பஞ்சுபோல வெந்திருந்தது. தினமும் பத்து. வயிற்றில் இடமில்லாததால் மதியச் சோற்றை விட்டான்.

ஐந்தாம் நாள், நாற்பத்தேழு.

"என்னலே, இறங்குது?"

"டோஸ் பத்தலக்கா!"

இருபதாக்கினான். ராத்திரி தோசையும் போனது. பத்தாம் நாள், நாற்பத்தாறு. பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. ஆடிப்போனவன், முட்டையையும் ஆட்டுக்கால் சூப்பையும் நிறுத்திவிட்டு மூன்று வேளையும் மோமோவே என்று இறங்கினான்.

"மத்த சத்து இந்தச் சத்த அமுக்குதுக்கா!"

பதினாலாம் நாள், நாற்பத்தைந்து. இசக்கிச்செல்வி மெஷினை உலுக்கிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. அது அவளுக்குத் தனி அதிர்ச்சி.

பேண்டைப் பிடித்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி கடைக்கு ஓடினான் பாண்டி. கடைக்காரி பெர்சிஸ் அடுப்பிலிருந்து தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி, இருபதா?"

"விளையாடாதீயக்கா! நாளைக்கு ஆளெடுப்பு, மூணு கிலோ குறைஞ்சு நிக்கேன்! நீங்க எந்தப் பன்னிய வெட்டுதீய? பட்டினி கெடந்த பன்னியவா?"

பெர்சிஸின் கையிலிருந்த தட்டு தடாலென்று விழுந்தது.

"பன்னியா? ஆண்டவரே! உள்ள வெறும் முட்டைக்கோசுலா தம்பி! குத்தித் திங்க முள்கரண்டி குடுக்கோம்னு 'ஃபோர்க் மோமோ'ன்னு எழுதச் சொன்னோம், போர்டு எழுதுனவன் முன்னால உள்ள மூணு புள்ளிய வைக்காம போயிட்டான்!"