தோற்றுவிட்டு வரவும்

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு மகான் வந்து இறங்கியிருக்கிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு. நோயைத் தீர்ப்பாரா? மாட்டார். வேலை வாங்கித் தருவாரா? அதுவும் மாட்டார். செல்போனில் ஆடுகிற கார்ப் பந்தயத்தில் ஜெயிக்க வைப்பார். இதைவிட வேறென்ன வேண்டும் என்று படிக்கட்டு கொள்ளாமல் ஆட்கள் நின்றார்கள், ஆளுக்கொரு போனைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு.

அந்த ஆட்டத்தில் நல்ல கார் வைத்திருந்தால் மட்டும் போதாது. டயரில் எவ்வளவு காற்று, கியர் எப்படி இழுக்க வேண்டும், ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்று கூட்டிக் குறைக்க ஒரு பக்கம் உண்டு. அதற்கு ட்யூனிங் என்று பெயர். ஒன்றைக் கூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். சரிவராவிட்டால் குறைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்குக் கொஞ்சம் பொறுமையும் கொஞ்சம் மூளையும் செலவாகும். இரண்டையும் சேமித்து வைத்திருந்த நம் மக்கள், செட்டிங் சித்தரிடம் போனார்கள். அந்தப் பெயரை அவர்களே வைத்தார்கள். அவரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

சித்தரின் முறை எளிது. பிறந்த தேதியைக் கேட்பார். போனைக் காதில் வைத்து, உள்ளே இருக்கும் கார் என்ன சொல்லி அழுகிறது என்று கேட்பார். பிறகு போன்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, உள்ளே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதையோ செய்வார். முடிந்தது. காணிக்கையைத் தட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

நிபந்தனை இரண்டுதான். ட்யூனிங் பக்கத்தைப் பிறகு திறந்து பார்க்கவே கூடாது. பார்த்தால் செட்டிங்கின் பலம் போய்விடும். இரண்டாவது, வாசலிலேயே பலகையில் எழுதியிருந்தது: ‘தோற்றுவிட்டு வரவும்’. வருவதற்கு முந்தின நாள் முழுக்க வேண்டுமென்றே தோற்க வேண்டுமாம். ஜாதகத்தில் இருக்கிற தோல்வியெல்லாம் அப்படிக் கழிந்தால்தான் வெற்றி உட்கார இடம் கிடைக்குமாம். காசு வாங்கிக்கொண்டு தோற்கச் சொன்ன முதல் ஆசான் இவராகத்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பலித்தது! துணிக்கு அடியிலிருந்து வந்த போனில் ஆடியவர்கள் எல்லாரும் வரிசையாக ஜெயித்தார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி தோற்க ஆரம்பித்தார்கள். பலம் இறங்கிவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்றார் சித்தர். காலாவதித் தேதி பார்க்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் கையில் கொடுக்காத மருந்துக்கடைக்காரர், இங்கே மட்டும் எதையும் பார்க்காமல் பவ்வியமாகப் புதுப்பித்துக்கொண்டு போனார்.

இப்படிப் புதுப்பித்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வேன்காரர் என்றால் தெருவில் தனி மரியாதை. டயரை ஒரு உதை உதைத்தே காற்று போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். அவர் வேனில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, பெற்றவர்கள் நிம்மதியாகச் சமையலைப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரை, போனுக்குள் யாரோ ஒரு முகம் தெரியாதவன் தினமும் தோற்கடித்தது பொறுக்கவில்லை. சித்தரிடம் போனார். ஜெயித்தார். அன்றிலிருந்து சித்தர் சொன்னால் சரி.

சித்தருக்குக் கொஞ்ச நாளில் கனவு பெரிதாகிவிட்டது. பலகையில் இன்னொரு வரி ஏறியது: ‘நிஜ வண்டிகளுக்கும் செட்டிங் செய்யப்படும்’. வேன்காரர்தான் முதல் ஆள். பிறந்த தேதியைக் கூட்டிக் கழித்துப் பார்த்த சித்தர், முன்சக்கரம் இரண்டிலும் காற்றைப் பாதியாக இறக்கச் சொன்னார். காற்று குறைந்தால் கர்வம் குறையும், கர்வம் குறைந்தால் விபத்து வராது என்பது விளக்கம். அத்தனை வருஷம் உதைத்து உதைத்துக் கற்ற காலை மறந்துவிட்டு, வேன்காரர் காற்றை இறக்கிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவர் மனைவி, வாசலில் நின்ற வேனைப் பார்த்து அப்படியே நின்றாள். முன்டயர் இரண்டும் தரையில் அப்பிக் கிடந்தன. அவள் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் சூப்பர்வைசர். தையல் பிசகிய சட்டையைத் தூர இருந்தே கண்டுபிடித்து, தைத்தவரின் முகத்துக்கு நேரே நீட்டுகிற ஆள். பஞ்சர் என்றுதான் முதலில் நினைத்தாள். கணவர் விஷயத்தைச் சொன்னதும் அவள் திங்கட்கிழமையைத்தான் நினைத்தாள். அன்று காலையில் அந்த வேன் நெடுஞ்சாலையில் போகும். டயர் சூடாகும், வெடிக்கும். முன்சீட்டில் அவள் மகள் உட்கார்ந்திருப்பாள். பின்னால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும்.

“ஆட்டத்துல பலிச்சுது. என் கண்ணால பார்த்தேன்,” என்றார் வேன்காரர்.

“அந்த ஆள் போன்ல என்ன மாத்தினாரு, சொல்லுங்க.”

“அதைப் பார்க்கக் கூடாது.”

“பீஸைப் பிரிச்சே பார்க்காம பாஸ் போட்டுட்டீங்க. எங்க கம்பெனியில இப்படிப் பண்ணினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

கத்தினால் மனிதர் இன்னும் முறுக்கிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பந்தயம் கட்டினாள். நாளைக்கே சித்தர் முன்னால் சோதிக்கலாம்; சித்தர் ஜெயித்தால் இனி வாயே திறக்க மாட்டாள்; தோற்றால் வேன்காரர் காற்றை அடைக்க வேண்டும். அவருக்கும் செட்டிங்கைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சம்மதித்தார். ஆனால் போவதற்கு முன்னால் தோற்கிற சடங்கை மட்டும் செய்ய வேண்டாம் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சடங்கை அவளே செய்தாள். அவள் போனிலும் அதே ஆட்டம் இருந்தது; கீழ், நடு, மேல் என்று ஆட்டம் பிரித்திருக்கும் வகுப்புகளில், மகள் ஆடி ஆடி நடு வகுப்பு வரைக்கும் கொண்டுபோயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பந்தயத்தைத் தொடங்குவாள், போனை அலமாரிமேல் வைப்பாள், துணி துவைப்பாள். திரும்பி வந்தால் தோற்றிருக்கும். மறுபடி தொடங்கிவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். இவ்வளவு சுலபமான விரதத்தை அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை.

சாயங்காலம் மாடியில் ஒரே கூட்டம். மருந்துக்கடைக்காரர் முன்வரிசையில். வேன்காரர் போனை நீட்டினார். தோற்றுவிட்டு வந்தாயா என்று சித்தர் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் மாறியது. நாளைக்கு வா என்று அனுப்பப் பார்த்தார்.

வேன்காரரின் மனைவி முன்னால் வந்தாள். “ஐயா, ஒரே ஒரு சந்தேகம். ஜெயிக்கிறது உங்க செட்டிங்லயா, இவங்க தோக்கறதுலயா?”

கூட்டம் சித்தரைப் பார்த்தது. செட்டிங் என்றால் இப்போதே செய்து காட்ட வேண்டும். தோற்பதில்தான் என்றால், தோற்பதற்கு எதற்கு ஒரு சித்தர், எதற்கு ஒரு தட்டு?

“செட்டிங்லதான் தாயே,” என்றார் சித்தர். வேறு என்ன சொல்வார்!

கறுப்புத் துணி போர்த்தப்பட்டது. கை உள்ளே போய் வந்தது. வேன்காரர் ஆடினார். தோற்றார். மறுபடி ஆடினார், இன்னும் மோசமாகத் தோற்றார். நெற்றி வியர்த்துவிட்டது. இந்தப் பக்கம் அவர் மனைவி தன் போனை எடுத்தாள். துணியும் இல்லை, செட்டிங்கும் இல்லை. இரண்டு கட்டைவிரலாலும் தட்டுத்தடுமாறி ஓட்டினாள், வளைவில் முட்டினாள், ஆனாலும் ஜெயித்தாள். மறுபடி ஆடினாள், ஜெயித்தாள். கடைசியில் சலித்துப்போய் போனை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்தாள். அவரும் ஜெயித்தார்.

“இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல,” என்றாள். “தோத்துக்கிட்டே இருந்தா ஆட்டமே நம்மளக் கீழ் வகுப்புக்குத் தள்ளிடுது. நம்ம கிட்ட இருக்கிறது அதே பெரிய கார். எதிர்ல வர்றவன் நேத்துதான் ஆட வந்தவன். பத்தாம் வகுப்புப் பையனை ஒண்ணாம் வகுப்புல போய் உட்கார வெச்சா ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்க மாட்டானா? ஜெயிச்சு ஜெயிச்சு மேல வந்தா திரும்பவும் தோப்போம். அதுக்குத்தான் இவர் புதுப்பிக்கணும்கிறாரு.”

சொல்லிவிட்டுக் கணவரின் போனை வாங்கி, யாரும் திறக்காத அந்த ட்யூனிங் பக்கத்தைத் திறந்தாள். காரை வாங்கியபோது இருந்த அளவுகள் அப்படியே இருந்தன. சித்தர் எதையும் தொடவே இல்லை. அவ்வளவு பேரை ஏமாற்றுகிற மனிதர், துணிக்கு அடியில் ஒரு விரலை அசைக்கக்கூடச் சோம்பல் பட்டிருக்கிறார். கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் போனைத் திறந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே கதை.

சித்தர் சும்மா விடவில்லை. “பார்க்கக் கூடாதுன்னு சொன்னேனே. பார்த்ததும் செட்டிங் பழைய அளவுக்கே ஓடிப்போச்சு.”

பாதிக் கூட்டம் தலையை ஆட்டியது. அந்தத் தலைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

“சரி, ஓடிப்போகட்டும்,” என்றாள் அவள். “என் போன்ல உங்க செட்டிங் இருந்ததே இல்லையே. அது எப்படி ஜெயிச்சுது?”

சித்தர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். உள்ளே பின்படிக்கட்டு இருந்தது. காணிக்கைத் தட்டும் அவரோடு தண்ணீர் குடிக்கப் போயிருந்ததைப் பிறகுதான் கவனித்தார்கள்.

வேன்காரர் மனைவியிடமிருந்து போனை வாங்கிப் பையில் போட்டார். நேரே கீழே இறங்கி, வேனை ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டு காற்றடிக்கும் கடைக்குப் போனார். எவ்வளவு அடிக்க என்று கடைக்காரர் கேட்டார். வேன்காரர் ஓட்டுநர் கதவைத் திறந்து, ஓரத்தில் கம்பெனி ஒட்டியிருந்த சின்னத் தாளைக் காட்டினார். சரியான அளவு அதில் அச்சடித்திருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. பார்த்தால் பலம் போய்விடும் என்று அதில் எழுதவில்லை. அடித்து முடித்ததும் டயரை ஒரு உதை உதைத்தார். பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை பிள்ளைகள் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டு ஏறினார்கள். மகள் முன்சீட்டில்.

கண்ணாடிக் கடை மாடிக்கு இப்போது வேறு ஒருவர் வந்திருக்கிறார். கேமராவை நெற்றியில் வைத்து போட்டோவில் அழகு கூட்டுகிறாராம். இவர் போர்த்துவது வெள்ளைத் துணி. நேற்று அந்தப் பக்கம் போனேன். படிக்கட்டில் வரிசை. முன்னால் யார் என்று நினைக்கிறீர்கள்? மருந்துக்கடைக்காரர்தான். அவருக்கும், அவர் பின்னால் நிற்பவர்களுக்கும் நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். துணியைத் தூக்கிப் பாருங்கள். பார்த்ததும் போய்விடுவது போய்த் தொலையட்டும். பார்த்த பிறகும் மிஞ்சுவதை நம்பிப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றுங்கள்.