பரணுக்குக் காது கொடுத்தவர்

அந்த மாதம் எங்கள் தெருவில் தலைவலியோ கல்யாணத் தடையோ வேலை போனதோ எதுவும் சொந்தக் காரணத்தால் வரவில்லை. எல்லாம் பரணிலிருந்து இறங்கி வந்தது. கண்டுபிடித்துச் சொன்னவர் பரண் ஐயா. நீளமான பித்தளைக் குழலைப் பரண் கதவில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கண்ணை மூடுவார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "பாரம் இருக்கு" என்பார். இல்லை என்று அவர் சொன்னதாக இதுவரை தகவல் இல்லை.

காலையிலேயே ஏணியும் கையுமாக அவருக்காக வாசலில் காத்திருந்தார்கள். ஆசிரியர், தபால்காரர், மருந்துக்கடைக்காரர் என்று எல்லாம் படித்த கூட்டம். பாரம் என்றால் செத்தும் வீட்டைவிட்டுப் போகாத உயிராம். அது எதில் உட்காரும்? பித்தளையில், செம்பில், நல்ல தேக்கில். ஓட்டைப் பிளாஸ்டிக் வாளியில் உட்காராது. பாரத்துக்கும் தரம் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அது உட்கார்ந்த சாமான்களை ஐயா பெரிய மனசு பண்ணித் தன் வண்டியிலேயே ஏற்றிப் போவார். பிறகு பரண் கதவில் சிவப்பு மெழுகு முத்திரை. ஒரு வருடம் திறக்கக் கூடாது. திறந்தால் வீட்டின் இளைய உயிர்மேல் பாரம் இறங்கும்.

எங்கள் வீட்டின் இளைய உயிர், வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனின் ஏழு மாதக் குழந்தை. எங்கள் பரணிலும் முத்திரை விழுந்த மறுவாரம் மழை. தொட்டிலுக்கு நேர் மேலே பரண் பலகையில் ஓர் ஈரத் திட்டு. முதலில் தட்டளவு, பிறகு முறத்தளவு. பலகை கீழே வளையத் தொடங்கியது.

அண்ணி தச்சுப் பட்டறையில் கதவு, ஜன்னல் செய்பவள். ஓடு உடைந்திருக்கிறது, ஏறி மாற்ற வேண்டும் என்றாள். அப்பா மறுத்தார். தொட்டிலை நகர்த்தவும் விடவில்லை. முத்திரைக்குக் கீழே படுப்பதுதான் பிள்ளைக்குக் காவலாம். முதல் பட்டதாரி என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பீற்றிக்கொள்பவர், நான் வாய் திறந்ததும் படிப்பை வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னார். வீட்டில் இருக்கும்போது அண்ணி பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்க மாட்டாள். அவள் பட்டறைக்குப் போனதும் அம்மா கொண்டுபோய் அங்கேயே கிடத்துவாள்.

அண்ணி சண்டை போடவில்லை. பட்டறையிலிருந்து ஒரு சின்னக் கதவைச் சட்டத்தோடு கொண்டுவந்து, பின்னறைக் கூரையில் திருகாணி போட்டு மாட்டினாள். பின்னறை புதிதாகக் கட்டியது. தட்டையான சிமென்ட் கூரை. பரணே கிடையாது.

"மாமா, ஐயாவுக்கு நெஜமாவே கேக்குதுன்னா, இங்க பரணே இல்லைன்னு சொல்லிடுவாருல்ல? சொல்லிட்டா உங்க முத்திரைய நான் தொடவே மாட்டேன். நீங்க மட்டும் முன்னாடியே வாய விட்டுடாதீங்க."

அப்பா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவ்வளவு நம்பிக்கை.

ஐயா வந்தார், பின்னாலேயே தெருவும் வந்தது. குழலை ஊன்றினார். வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார்.

"ரெண்டு பாரம். ஒருத்தன் கிழவன், விசும்புறான். மூலையில ஒரு செப்புத் தவலை, அதுமேலதான் உக்காந்திருக்கான்."

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"ஐயா, அதுக்கு மேல மொட்டை மாடி. துணி காயுது."

அண்ணி கதவைத் திறந்தாள். அந்தப் பக்கம் சுண்ணாம்படித்த சிமென்ட். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயா அசரவில்லை. பாரம் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது என்றார்.

"தவலை தெரியுமே," என்றாள் அண்ணி.

தெருவே வண்டியை நோக்கி ஓடியது. அன்று ஏற்றிய அண்டா குண்டானை அவரவர் இறக்கிக்கொண்டார்கள். ஐயா குழலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சந்து வழியாகப் போனார்.

அப்பா தன் கையாலேயே முத்திரையைச் சுரண்டி எடுத்து, ஏணியைப் பிடித்துக்கொண்டார். அண்ணி ஏறினாள். உடைந்திருந்தது ஒரே ஓடு. பலகையை ஒற்றை விரலால் அழுத்தினாள். முழங்கை நீளத் துண்டு ஒன்று பெயர்ந்து தொட்டிலுக்குள் விழுந்தது. குழந்தை என் இடுப்பில் இருந்தாள். அப்பா அந்தத் துண்டை எடுத்து, தூக்கிப் பார்த்து, கனத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்பா கண்டறிந்த ஒரே பாரம் அதுதான்.

பொழுது சாய்வதற்குள் ஓடும் பலகையும் மாற்றியாகிவிட்டது. காற்றுப் போக இரண்டு துளையும், வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடும் கூடுதல்.

மறுவாரம் ஆசிரியர் வந்தார். அந்த ஆள் போலியாம். பக்கத்து ஊரில் அசல் ஒருவர் இருக்கிறாராம், குழல்கூட வேண்டாமாம். போய் வாருங்கள் சார். நீங்கள் திரும்பி வரும்வரை கூரை காத்திருக்குமா என்று மட்டும், கிளம்புவதற்கு முன்னால், உங்கள் தலையையே கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.