ஆட்சேபம் இல்லாமல் தோற்ற போன்

ஓலு, பிப்ரவரி 9

அன்புள்ள இர்மெலி அக்காவுக்கு, தம்பி வெய்க்கோ எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி காரினாவும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"உங்க கம்பெனி போன் ஏன்டா தோத்துச்சு? இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழுறே" என்று கேட்டிருந்தாய். பதினோரு வருடம் அதன் இயங்குதளத்தை எழுதியவன் நான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். போட்டிக்காரர்கள் விரலால் தடவுகிற திரையோடு வந்தார்கள். நாங்களும் செய்தோம், மூன்று கட்டிடங்களில் மூன்று விதமாக. ஒன்றில் ஓடும் ஆப் மற்றதில் ஓடாது. கூட்டத்தில் மேலாளர், "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்பார். நம் ஊர் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, பன்னிரண்டு பேரும் காபிக் கோப்பைக்குள் பார்ப்போம். அன்று மாலையே சானா நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து, "இது தேறாதுப்பா" என்பான் என்னோடு வேலை செய்த ரைமோ. "மூணையும் ஒண்ணாக்கினாத்தான் பொழைப்போம்" என்பேன் நான். மேலாளரும் அம்மணமாக உட்கார்ந்து, "எனக்கும் அதான் தோணுது" என்று சுடுகல்லில் தண்ணீர் ஊற்றுவார். சானாவில் பேசியதை யார் குறிப்பேட்டில் எழுதுவது? மறுநாள் கூட்டத்தில் திரும்பவும் ஆட்சேபம் இல்லை. நாலு வருடம் இப்படியே ஓடியது. ஒரே ஆப்பை மூன்று தடவை எழுத யாரால் முடியும் என்று ஆப் செய்கிறவர்கள் போட்டிக்காரர்களிடம் போனார்கள், வங்கி ஆப் போனது, பஸ் டிக்கெட் ஆப் போனது, பின்னாலேயே ஜனங்களும் போனார்கள், கடைசியில் நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

இப்போது லிஸ்பனில் இருக்கும் என் மகள் சைலா, ஏழு மாதப் பேத்தியை வீடியோவில் காட்டுகிறாள். அந்த ஆப் என் போனில் ஓடாது. காரினாவின் போனில் ஓடும், ஆனால் அது போட்டிக்காரன் போன். அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது என் சபதம். ஞாயிறு தோறும் அது அடித்ததும் பனி வாரப் போய்விடுவேன். எங்கள் வாசல் முடிந்து, பக்கத்து வீட்டு வாசலும் முடிந்து, இப்போது பஸ் நிறுத்தம் வரை வாரிக்கொண்டிருக்கிறேன். "கம்பெனியையே பூட்டிட்டாங்க, உங்க வீராப்புக்கு எப்போ பூட்டு போடப் போறீங்க?" என்கிறாள் காரினா. பேத்தியைப் பார்க்க ஆசை இல்லாமலா? ஆனாலும் தொடமாட்டேன் அக்கா, இதுதான் முடிவு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மூட்டு இளகட்டும், அவர் தூண்டிலில் மீன் மாட்டட்டும்.

உன் தம்பி,
வெய்க்கோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் காரினாவின் போன் அடித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள், நான்தான் எடுத்தேன். பேத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கீழே ஒரு பல். "பல்லு முளைச்சதை ஏம்மா எனக்குச் சொல்லலே?" என்று கேட்டேன். "நீங்க வீட்ல எங்கேப்பா இருந்தீங்க?" என்றாள் சைலா. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு அக்கா. எனக்கும் ஒன்று வாங்க வேண்டும், உன் போன் என்ன மாடல்?