அம்மனுக்கு மூன்று அடி

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் அந்த வருஷம் செவ்வாய், வெள்ளி என்றால் ஷேர் ஆட்டோ கிடைக்காது. எல்லா ஆட்டோவும் எல்லைச் சித்தர் மடத்துக்குப் போய்விடும். வில்லியனூரிலிருந்து வருவார்கள், நெட்டப்பாக்கத்திலிருந்து வருவார்கள், கடலூரிலிருந்து கார் வைத்துக்கொண்டும் வருவார்கள். மடத்து வாசலில் டோக்கன், பந்தல், பாட்டுக்கு மைக், தாகத்துக்கு கோலி சோடா. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நோய். பக்கத்து வீட்டுக்காரன்.

சித்தரிடம் இருந்த கருவி ஒன்றே ஒன்று: குடுமி வைத்து உரித்த தேங்காய். அதை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தகராறு நடக்கும் நிலத்தில் நடப்பார். உண்மையான எல்லை வந்ததும் தேங்காய் எழுந்து நிற்கும். எல்லையம்மன் எழுப்புகிறாளாம். அகிலத்தையே ஆளுகிறவள் வாய் திறந்து சொல்லாமல் ஏன் தேங்காயைத் தூது அனுப்புகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் டோக்கன் பின்னால் போய்விடும்.

சித்தரின் பெயர் பாக்யராஜ். முதலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்றார். பிறகு இதே தேங்காயை வைத்து போர்வெல் போட நீரோட்டம் பார்த்தார். அந்தத் தொழிலில் ஒரு சங்கடம். நூறடியில் தண்ணீர் என்று அவர் சொல்ல, முந்நூறு அடியிலும் புழுதி வந்தால், கேட்பதற்கு நாலு பேர் வீடு தேடி வந்துவிடுவார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் குழாய் காட்டிக் கொடுத்துவிடும். எல்லை காட்டிக் கொடுக்காது. ஆகவே தொழிலை மாற்றினார். தேங்காயை மாற்றவில்லை.

எல்லை தவறி வேலி போட்டவனுக்கு எல்லைத் தோஷம் பிடிக்கும் என்றார் சித்தர். பெண்ணுக்கு வரன் அமையாது. சர்க்கரை இறங்காது. படிக்கிற பிள்ளை அரியர் வைக்கும். போன வருஷம் வரை இதெல்லாம் சனி பகவானின் இலாகாவில் இருந்தது. பாவம், அவருக்கும் ஓய்வு வேண்டாமா?

தீர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். நிலம் இவனுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை. வேலிக்கு இருபுறமும் ஆளுக்கு மூன்று அடி அம்மனுக்குச் சொந்தம். இரண்டு பேரும் பின்னுக்கு நகர்ந்து, அந்த இடத்தை மடத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றடி கேட்டவனிடம் மகாபலி பட்டது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. நிலம் போனதில் வருத்தம் இருந்தாலும், அவனுக்கும் கிடைக்கவில்லையே என்ற நிம்மதியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்படிக் கிடைத்த ரோட்டோரத்து ஆறடி ஒன்றில் கோயில் எழும்பும் என்று ஊர் காத்திருந்தது. எழும்பியது 'எல்லையம்மன் ஃபிரைட் ரைஸ்'. நடத்தியவர் சித்தரின் மைத்துனர்.

பாகூருக்கு மேற்கே ஓடைமேடு என்ற ஊரில் செல்லக்கண்ணு என்று ஒருவர். கரும்பு விவசாயி. அவருக்கும் பக்கத்து வீட்டு இருசப்பனுக்கும் நடுவே கிளுவை வேலி இருந்தது. கிளுவை உயிர்வேலி. வருஷா வருஷம் பெருக்கும், இந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். முப்பது வருஷமாக அது யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று அதற்கும் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது. அதனால் சண்டை இல்லை.

செல்லக்கண்ணு கிளுவையை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டினார். மறுநாளே இருசப்பன், கம்பி தன் பக்கம் ஒன்றரை அடி வந்துவிட்டது என்றார். செல்லக்கண்ணுவோ, உன் மாட்டுக் கொட்டகைதான் என் பக்கம் வந்திருக்கிறது என்றார். பேச்சு நின்றது. இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் குழம்புக் கிண்ணம் கைமாறுவது நின்றது. இருசப்பன் வீட்டு மாடு மட்டும் வழக்கம்போல இந்தப் பக்கம் தலையை நீட்டி வைக்கோல் தின்றது. அதற்குத் தகவல் போய்ச் சேரவில்லை.

சர்வேக்கு மனுக் கொடுத்தால் ஆள் வந்து அளந்துவிட்டுப் போவார். ஏன் கொடுக்கவில்லை? செல்லக்கண்ணு கொடுக்கவில்லை, அளந்தால் தன் மேல் தப்பு என்று தெரிந்துவிடுமோ என்று பயம். இருசப்பனும் கொடுக்கவில்லை. அதே பயம். டேப்புக்குப் படையல் போட முடியாது. சாமிக்குப் போடலாம். ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மடத்துக்குப் போய் டோக்கன் வாங்கினார்கள். முப்பத்தேழு, முப்பத்தெட்டு. பந்தலிலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான் கிடைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தர் ஓடைமேட்டுக்கு எழுந்தருளினார். வெள்ளைக் கார், மஞ்சள் வேட்டி, மைக்கோடு ஒரு சீடர். ஊர் திரண்டது. சித்தர் கண்ணை அரைகுறையாக மூடி நடந்தார். முள்கம்பிக்கு அருகில் வந்ததும் தேங்காய் மெல்லத் தலை தூக்கி, குடுமி வானத்தைப் பார்க்க நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். சீடர் இரண்டு பக்கமும் மூன்றடி அளந்து மஞ்சள் தடவிய முளைகளை அடித்தார். அளப்பதற்கு மட்டும் டேப் எடுத்துக்கொண்டார். அங்கே அம்மன் தலையிடவில்லை.

இருசப்பன் பக்கத்தில் பாதி மாட்டுக் கொட்டகை போயிற்று. செல்லக்கண்ணு பக்கத்தில் பாத்ரூம் போயிற்று.

அந்த பாத்ரூம் சாதாரணமானது அல்ல. செல்லக்கண்ணுவின் மனைவி தையலம்மாளுக்கு ஆறு மாதத்துக்கு முன் முழங்காலில் ஆபரேஷன். கீழே குந்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் இளவரசி தன் சம்பளத்தில், நாற்காலி போல உட்காருகிற கக்கூஸ் வைத்து, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பதித்துக் கட்டிக் கொடுத்தது. வெள்ளி வந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு அதை இடிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

இடிக்கிறவரைக்குமாவது தையலம்மாள் அதில் போயிருக்கலாம். அம்மன் இடத்தில் போய் அதைச் செய்வதா என்று அவர் மறுத்துவிட்டார். கோலை ஊன்றிக்கொண்டு கரும்புக் கொல்லைப் பக்கம் நடந்தார். மூன்றாவது நாள் வரப்பில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. தையல் போட்ட காலில் நல்ல வீக்கம்.

இளவரசி வில்லியனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீசியன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் அம்மாவின் காலைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க போயி மனு கொடுத்திருந்தா இந்நேரம் அளந்திருப்பாங்க" என்றாள்.

"சாமி குத்தம் ஆயிடும்மா" என்றார் தையலம்மாள். "வுடு. நாலு நாளு கஷ்டம்தான."

"கஷ்டம் உனக்கு. நெலம் அந்தச் சித்தருக்கு. சாமிக்கு இதுல இன்னா வருது?"

தையலம்மாள் காலை நீட்டிக்கொண்டு அழுதார். இளவரசிக்கு அதற்குமேல் பேச மனம் வரவில்லை. மறுநாள் லேபுக்குப் போகும்போது பையில் ஒரு உரித்த தேங்காயை எடுத்துப் போனாள். மத்தியானச் சோற்று நேரத்தில் அதைக் கையில் வைத்து என்னமோ செய்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை அது அவள் கால் கட்டைவிரலில் விழுந்தது. கூட வேலை செய்கிறவர்கள் வேண்டுதல் போல என்று மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. போன வாரத்தைவிடக் கூட்டம் அதிகம். பத்திரம் தயார், மசி தயார். இருசப்பன் கொட்டகையையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தர் பேனாவை நீட்டும்போது இளவரசி கும்பிட்டபடி முன்னால் வந்தாள். பணிவாகத்தான் பேசினாள். பின்னால் யாரும் அம்மன் காட்டிய இடம் இது இல்லை என்று கேஸ் போட்டுவிடக் கூடாது, அதனால் சாமி இன்னொரு தடவை, கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டினால் ஊரே சாட்சியாகிவிடும் என்றாள்.

சித்தர் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் சீடர் மைக்கில் அறிவித்துவிட்டார்: கண்ணைக் கட்டிக்கொண்டு அருள்காட்சி! அந்த ஆளுக்கு விஸ்வாசம் அதிகம், விவரம் குறைவு. நாற்பது செல்போன்கள் உயர்ந்தன. இனி மாட்டேன் என்றால் மானம் போகும்.

இளவரசி லேபிலிருந்து கொண்டுவந்த பஞ்சை அவர் கண்மேல் வைத்தாள். அதற்குமேல் இருசப்பன் தன் துண்டால் இறுகக் கட்டி, தோளைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார். கொஞ்சம் வேகமாகவே சுற்றினார்.

சித்தர் நடந்தார். பத்தடி நடந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. குலவை கிளம்பிப் பாதியில் நின்றது. அவர் நின்ற இடம் இருசப்பனின் வைக்கோல் போர். இளவரசி அங்கே ஒரு முளை அடித்தாள்.

அம்மன் விளையாடுகிறாள் என்றார் சித்தர். இரண்டாம் தடவை செல்லக்கண்ணு பக்கமிருந்து நடந்தார். தேங்காய் செல்லக்கண்ணு வீட்டு அடுப்படி வாசலில் எழுந்தது. முளை அடித்தாள். மூன்றாம் தடவை வேலி சந்து வழியாக ரோட்டுக்கே போய்விட்டார். தன் வெள்ளைக் காருக்கு முன்னால் நின்றார். அங்கே தேங்காய் நிமிர்ந்து நின்றது பார்க்க அழகாக இருந்தது.

கூட்டத்தில் ஆதிமூலம் என்பவர் இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் இதே மடத்துக்கு வீட்டோரத்து ஆறடிச் சந்து ஒன்றை எழுதிக் கொடுத்தவர். அவர் நிதானமாகக் கேட்டார்: "அப்போ பாகூர் பஸ் இன்னிமே எந்தப் பக்கமா போவும்?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு சிரிக்காதவர்களைத் தேட வேண்டியிருந்தது.

சித்தர் துண்டை அவிழ்த்தார். நம்பிக்கை இல்லாத ஒரு பெண்ணின் பார்வை பட்டு அம்மன் விலகிவிட்டாள் என்றார். இளவரசி கோபப்படவில்லை. "அப்படின்னா நான் பாத்ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிறேன், சாமி. நீங்க நடங்க" என்று சொல்லி, அப்படியே செய்தாள். இருசப்பன் மறுபடி துண்டைக் கட்டினார். இந்தத் தடவை தேங்காய் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் எழுந்தது. மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அன்று அங்கே அறிவோடு நடந்துகொண்ட முதல் ஜீவன் அதுதான்.

இளவரசி வெளியே வந்தாள். சித்தர் கையிலிருந்த தேங்காயை வாங்கித் தன் உள்ளங்கையில் படுக்க வைத்தாள். விரல் நுனிகளை லேசாக உயர்த்தி, கையைக் கொஞ்சம் குழித்தாள். தேங்காய் எழுந்து நின்றது. அவள் நின்றது எந்த எல்லையிலும் இல்லை. நடு வாசலில்.

"எங்க லேபுல ஒரே ரத்தத்த ரெண்டு தடவ மிஷின்ல போட்டுப் பாப்போம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு தடவயும் ஒரே கணக்கு வரணும். மாறி மாறி வந்துச்சுன்னா, வியாதி ரத்தத்துல இல்ல, மிஷின்லன்னு தூக்கி வெச்சிடுவோம். இந்த மிஷினு நாலு தடவைக்கு நாலு எடம் சொல்லுது. போன வாரம் வேலி கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதனால வேலிகிட்ட நின்னுது. அவ்ளோதான்."

பிறகு தேங்காயைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையில் வைத்து, விரல்களைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தாள். முதல் தடவை உருண்டது. இரண்டாம் தடவையும் உருண்டது. மூன்றாம் தடவை நின்றது. தையலம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்தது.

"இதுக்கா நான் கரும்புக் கொல்லைக்கு நடந்தேன்?" என்றார்.

தேங்காயை மகளிடம் கொடுத்தார். கோலை ஊன்றி எழுந்தார். இருநூறு பேர் பார்க்க, மஞ்சள் முளையைத் தாண்டி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கப்புறம் அந்த ஊரில் பத்திரம் எழுத யாருக்கும் கை வரவில்லை.

ஆதிமூலமும் இன்னும் சிலரும் தாங்கள் எழுதிக் கொடுத்த பத்திரங்களைப் பற்றிப் பேசச் சித்தரைத் தேடினார்கள். காரைக் காணவில்லை. சீடர் மட்டும் மைக்கோடு நின்றார். அவரையும் மறந்துவிட்டுப் போயிருந்தார் குருநாதர். எந்தெந்த ஊரில் எத்தனை அடி என்ற பட்டியல் சீடரிடம் இருந்தது. அது அன்றைக்கே புகாரோடு போலீசுக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை மடத்தில் பூட்டு. ஃபிரைட் ரைஸ் கடைப் பலகையிலிருந்து எல்லையம்மனை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

செல்லக்கண்ணுவும் இருசப்பனும் ஒரே பைக்கில் போய் சர்வேக்கு மனுக் கொடுத்தார்கள். ஆள் வந்தார், வரைபடத்தை விரித்தார், அளந்தார். அரை மணி நேர வேலை. முன்பக்கம் செல்லக்கண்ணுவின் கம்பி அரை அடி இருசப்பன் நிலத்தில் இருந்தது. பின்பக்கம் இருசப்பனின் கொட்டகை அரை அடி செல்லக்கண்ணு நிலத்தில் இருந்தது. 

"கல்ல நானே நவுத்திடறேன்ணே" என்றார் செல்லக்கண்ணு.

"கடப்பாரை என்னாண்ட இருக்குது" என்றார் இருசப்பன். கொட்டகைச் சுவர் தானாக இடிகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று செல்லக்கண்ணு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கம்பிக்கு மேலாக வந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை காலை இளவரசி வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஆதிமூலம் நின்றார். குளித்து, நெற்றி நிறைய விபூதி. பின்னால் இன்னும் ஐந்தாறு பேர்.

"அந்தாளுக்கு எழுந்த தேங்கா உனக்கும் எழுந்துச்சே தாயி" என்றார். "உங்கிட்ட நெஜமான சக்தி இருக்குதுன்னு ஊரே பேசிக்குது. எங்க சந்து எல்லையையும் வந்து ஒரு தபா பாத்து சொல்லிடு."

இளவரசி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து வந்தாள். சர்வே மனுவை இப்போதே எழுதிவிடலாம், பத்து நிமிஷ வேலை, பேனா இருக்கிறதா என்று கேட்டாள்.

ஆதிமூலம் சட்டைப் பையைத் தடவினார். பின்னால் நின்றவர்களும் தடவினார்கள்.

"பேனா இல்லம்மா" என்றார். "எலுமிச்சம்பழம்தான் கொண்டாந்தோம்."

ஏமாற்றுகிறவனை ஊரைவிட்டு அனுப்ப ஒரு பெண்ணும் ஒரு துண்டும் போதும். ஏமாறுகிறவனின் தலைக்குள் யாரும் போய் அளந்து கொடுக்க முடியாது, ஐயா. அங்கே அவனவன்தான் போக வேண்டும். போகும்போது கையில் பழம் வேண்டாம்.