மேடையைப் பார்த்த விளக்குகள்

பொற்கதிர் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மன்னரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பார்கள், மறுநாளிலிருந்து கும்பிடுவார்கள். தலைநகரில் ஒரு கபடி மைதானம். நான்கு கம்பங்களில் மஞ்சள் விளக்குகள். முழுசாக எரியவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் கிழட்டு விளக்குகள்தான். ஆனாலும் ஆள் தெரியும்.

நூற்பாலை ஷிப்டு முடிந்ததும் பூமயிலும் அவள் அணிப் பெண்களும் அங்கேதான் பயிற்சி எடுப்பார்கள். பங்குனியில் தேர்வுப் போட்டி. வென்றால் அரண்மனைக் காவலில் வேலை. தோற்றால் ஆயுளுக்கும் பஞ்சுத் தூசி. பூமயிலுக்கு ஏற்கெனவே இருமல் தொடங்கியிருந்தது. வீட்டில் மறைத்தாள். தெருவுக்கே தெரியும்.

மன்னர் பழைய விளக்குகளைக் கழற்றி எல்இடி விளக்கு போட ஆணையிட்டார். திறப்பு விழாவில் அவர் முகம் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று எல்லா விளக்குகளையும் மேற்கே மேடையைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். முகம் தெரிந்தது, முந்தின நாள் பூசிய தலைச்சாயமும் தெரிந்ததாகக் கேள்வி. விழா முடிந்தும் விளக்குகள் அப்படியே நின்றன. மன்னர் கைபட்டுத் திறந்ததை வேறு கை தொடக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம்.

பூமயில் ஒளித்துறை அமைச்சரிடம் போனாள்.

“ஐயா, மேடை பளபளன்னு இருக்கு. மைதானத்துல எதிரே நிக்கிறது ஆளா கம்பமான்னே தெரியல. கொஞ்சம் திருப்பிவிடச் சொல்லுங்க.”

“மன்னர் காட்டிய திசையைத் திருப்புவதா?” அமைச்சர் காதைப் பொத்திக்கொண்டார். “விளக்கு சரியான இடத்தில்தான் இருக்கிறது, அம்மா. மைதானத்தைத்தான் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.”

மறுவாரம் ஆணை வந்தது: ஆட்டம் இனி மேடையில். சிமெண்டுத் தரை. முதல் நாளே மூன்று பெண்களுக்கு முழங்கால் கிழிந்தது. அந்த வெளிச்சத்தில் ரத்தம் நன்றாகவே தெரிந்தது. உடனே அடுத்த ஆணை: பழைய விளக்கில் கண்ணில் படாத காயங்கள் புதிய விளக்கில் படுவது அரசுக்கு இழுக்கு, ஆகவே விளக்கெரியும் நேரத்தில் ஆடத் தடை. பகலில் தாராளமாக ஆடலாம்.

“பகல்ல மில்லு இருக்கேக்கா,” என்றாள் தவமணி, அணியில் இளையவள். “மில்லையும் மேடைக்கு மாத்தச் சொல்லுவமா?”

“வாய மூடுடி,” என்றாள் பூமயில். “அதுக்கும் ஆணை போட்டுருவாங்க.”

அந்த மாசியில் தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவருக்கு ஒரே வாக்குறுதி: விளக்கைத் திருப்புவேன். பூமயில் வீடு வீடாக ஏறி அவருக்கு வாக்குக் கேட்டாள். அவரே வென்றார்.

பதவியேற்ற மாலையே புதிய மன்னர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஊர் கூடியது. அணி இரண்டாகப் பிரிந்து மைதானத்தில் நின்றது. ஆட்கள் கம்பமேறி விளக்குகளைத் திருப்பத் தொடங்கினார்கள். வெளிச்சம் மேடையை விட்டு இறங்கி, மண்ணில் நகர்ந்து, நடுக்கோட்டைத் தொட்டது. பூமயில் மூச்சைப் பிடித்து, கபடி பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் பாய்ந்தாள்.

வெளிச்சம் நிற்கவில்லை. மைதானத்தைக் கடந்து, கிழக்கே போட்டிருந்த புதிய மேடையில் போய் நின்றது. புதிய மன்னர் கையசைத்தார். கூட்டம் விடாமல் கைதட்டியது.

பூமயில் எதிரணியின் பகுதிக்குள் பாடிக்கொண்டே நின்றாள். திரும்பிப் போக வேண்டிய கோடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மூச்சை விட்டால் அவுட்.