எட்டு இதழ் புனல்

கிராமபோன் புனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

நவநீதன் அதைச் செல்போனில் மூன்று கோணத்தில் படமெடுத்தான். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்குச் சேதக் கணக்கு எழுதுவது அவன் வேலை. எதையும் தொடுவதற்கு முன் படமெடுப்பது பழக்கம்.

கிராமபோன் அன்றுதான் ரிப்பேர் முடிந்து தில்லை நகர் வீட்டுக்கு வந்திருந்தது. ஸ்பிரிங் அறுந்து மூலையில் கிடந்ததை, மலைக்கோட்டைக்குக் கீழே ஹாலித் பாய் கடையில் கொடுத்திருந்தான். அது அவன் மனைவி சுபஸ்ரீக்குக் கல்யாணச் சீராக வந்தது. சுபஸ்ரீ இறந்து ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டு வருஷம்.

இரண்டு வருஷமாக இந்த வீட்டில் பொட்டு வைக்கிற ஆள் இல்லை. ஆகவே இது வேறு யாருடைய மெஷினோ.

ஞாயிறு திதிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து மாமனார் ரங்கசாமியும் மாமியார் ஆனந்தவள்ளியும் வருகிறார்கள். மாமனார் அந்த வாரத்தில் மூன்று முறை போன் செய்துவிட்டார்.

"மெஷின் பத்திரமா இருக்குல்ல மாப்ளே?"

"இருக்கு மாமா."

"வித்துகித்து..."

"இல்ல மாமா."

சுபஸ்ரீயின் புடவைகளை மாமியார் கொண்டுபோய்விட்டார். அவளுடையது என்று மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

நவநீதன் கல்யாண ஆல்பத்தை எடுத்தான். மணமேடை ஓரத்தில், குத்துவிளக்குக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே சீர்வரிசையில் கிராமபோன். புனலின் இதழ்களை எண்ணினான். எட்டு. எதிரே நின்ற புனலை எண்ணினான். ஒன்பது.

ஐந்து வருஷம் ஹாலில், சுவரோரமாக நின்ற பொருள்தான். பாட்டு வந்தது, கேட்டான். இதழை எண்ணும் அவசியம் வரவில்லை. ஆனால் நினைவு பொய் சொல்லும், போட்டோ சொல்லாது. அது ஆபீஸ் பாடம்.

வியாழக்கிழமை மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனான்.

"பாய், இது என்னோடது இல்ல."

ஹாலித் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நீங்க கொடுத்ததைத்தான் சார் நான் கொடுத்தேன்."

"ஒன்பது இதழ் இருக்கு."

"இருக்கட்டுமே."

நவநீதன் கல்யாணப் போட்டோவை நீட்டினான். ஹாலித் அதை வெகுநேரம் பார்த்தார்.

"எந்த மண்டபம் சார்?"

"உறையூர். எதுக்கு?"

"சும்மாதான். மாமனார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வாங்களேன்."

சம்பந்தமில்லாத ஆளை இழுக்கிறவன் எதையோ மறைக்கிறான். இதுவும் ஆபீஸ் பாடம்.

"பின்னாடி பொட்டு ஒட்டியிருக்கே, அது எந்த வீட்டுப் பொட்டு?"

"எனக்கெப்படித் தெரியும்? கிள்ளிடவா?"

"தொடாதீங்க. அது ஆதாரம்."

கடை அலமாரியின் மேல்தட்டில் பளபளவென்று ஒரு கிராமபோன் இருந்தது. நவநீதன் எண்ணினான். எட்டு இதழ்.

"அதுதான் என்னோட புனல்."

"சார், அது பழசு மாதிரி புதுசா பண்ணினது. பாருங்க, சத்தம் வர்ற கை முழுக்க ஒரே அளவு பைப்பு. உங்களோடதுல ஊசிப் பக்கம் குறுகி, புனல் பக்கம் போகப்போக அகலும். அதுதான் அந்தக் காலத்து வேலை. பெட்டி தேக்கு. இதைக் கொடுத்துட்டு அதை யாராவது கேப்பாங்களா?"

என் தலையில் கட்டுகிற பொருளை இவர் ஏன் இவ்வளவு புகழ வேண்டும்? நவநீதனுக்குச் சந்தேகம் உறுதியானது. ஒன்பது இதழ் புனலைக் கழற்றி வைத்துவிட்டு, எட்டு இதழ் புனலை வாங்கிக்கொண்டு மெஷினோடு வீடு திரும்பினான்.

எட்டு இதழ் புனல் பழைய கையில் உட்காரவில்லை. டேப் சுற்றி உட்கார வைத்தான். சாவி கொடுத்ததும் புனல் சாய்ந்து விழுந்தது. மெஷினின் கை வளைந்தது.

வெள்ளிக்கிழமை, புனலுக்குப் பொருத்தமான கையை வாங்கி வந்தான். அதன் திருகாணிகளுக்கும் பெட்டியின் ஓட்டைகளுக்கும் பொருந்தவில்லை.

சனிக்கிழமை பெட்டியையும் மாற்றினான்.

"இனி உங்ககிட்ட பழசு என்ன சார் மிச்சம்?" என்றார் ஹாலித்.

"கைப்பிடி."

"அதையும் கொடுத்துடுங்க. தனியா வச்சு என்ன சுத்துவீங்க?"

கொடுத்தான். ஹாலித் அவன் விட்ட பாகங்களை எல்லாம் ஒன்று சேர்த்து, ஒரு வேட்டியால் மூடினார்.

"இது இங்கேயே இருக்கும். யாருக்கும் தர மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க வருவீங்க."

மிரட்டுகிறாரா என்று யோசித்தபடி நவநீதன் ஆட்டோவில் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை திதி முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவியதும் ரங்கசாமி கிராமபோனிடம் போனார். மகளுக்குப் பிடித்த இசைத்தட்டை வைத்து ஊசியை இறக்கினார். டம்ளருக்குள் கொசு மாட்டியது போல ஒரு சத்தம் வந்தது.

ரங்கசாமி மெஷினை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"இது எம் பொண்ணு மெஷின் இல்ல. நெசத்தைச் சொல்லுங்க மாப்ளே, எவ்வளவுக்கு வித்தீங்க?"

நவநீதன் இதற்குத் தயாராக இருந்தான். கல்யாணப் போட்டோவையும் நேற்று எடுத்த படத்தையும் ஒரே தாளில் அச்சடித்து, இதழ்களுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை எண் போட்டு வைத்திருந்தான்.

"நீங்களே ஒப்பிட்டுப் பாருங்க மாமா. ஒரு இதழ் மாறல."

ரங்கசாமி தாளைப் பார்த்தார். கோபம் இறங்கியது. மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குறீங்க? இனிமே என்ன கவுரவம், சொல்லிடுங்க," என்றார் ஆனந்தவள்ளி.

ரங்கசாமி தாளை நான்காக மடித்தார்.

"கல்யாணத்தன்னைக்கு நம்ம மெஷின் ரிப்பேர்ல இருந்துச்சு மாப்ளே. சீர் வைக்கிற இடத்துல குறை தெரியக்கூடாதுன்னு, மலைக்கோட்டையில ஒரு பாய்கிட்ட ஒருநாள் வாடகைக்கு ஒண்ணு எடுத்து வச்சேன். போட்டோல இருக்கிறது அது. நம்மளோடது மறு வாரம்தான் இங்க வந்துச்சு."

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

ஆனந்தவள்ளி எழுந்து வந்து புனலின் முதுகை விரலால் தடவினார்.

"அவளோடதுன்னா இங்க ஒரு பொட்டு இருக்கும். சின்னப் பிள்ளையிலேர்ந்து குளிக்கப் போறப்ப எடுத்து இங்கதான் ஒட்டி வைப்பா, அஞ்சு வருஷத்துல நீங்க ஒருநாள்கூடப் பாத்ததில்லையா?"