பிரேசில் அண்ணையின் பொன்னாடை

போர்த்துக்கீச மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் முழுப் பிரேசில்காரராக வாழ முடியும் என்று நிரூபித்தவர் உலகத்திலேயே எங்கள் பிரேசில் அண்ணை ஒருவர்தான். பிறந்தது யாழ்ப்பாணத்தில், வீடு டொரோண்டோவின் மோர்னிங்சைட்டில். அவருடைய சொந்தப் பெயரை மனைவியே மறந்திருப்பார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பிரேசில் ஸ்ட்ரைக்கர். அந்தக்கால மனைவி கணவன் பெயரைச் சொல்லாததுபோல அண்ணையும் அவர் பெயரைச் சொல்ல மாட்டார். 'எங்கட ஆள்' என்பார். எங்கட ஆள் ஐரோப்பாவில் கோல்களாக அடித்துத் தள்ளிய காலத்தில், அண்ணை பாண் சுடும் தொழிற்சாலையில் பெட்டிகளைக் காலாலேயே தள்ளி மனேஜரிடம் ஏச்சு வாங்கினார். எங்கட ஆளுக்கு முழங்கால் பிசகியபோது தன் முழங்காலில் பண்டேஜ் சுற்றினார்.

"அந்தாளுக்குக் கால் பிசகினால் இந்த மனுசன் ஏன் நொண்டுது?" என்று மனைவி செல்வி அக்கா என்னிடம் கேட்டார்.

"நோகுது தம்பி. உவவுக்கு உது விளங்காது," என்றார் அண்ணை.

எங்கட ஆளுக்கு வயிறு வைத்தபோது அண்ணைக்குப் பெரிய ஆறுதல். தன் வயிற்றைத் தடவி, "ஸ்ட்ரைக்கருக்குப் பாரம் வேணும்," என்றார். எங்கட ஆள் ஓய்வு பெற்ற அன்று வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியும் செய்யப் புறப்பட்டவர், செல்வி அக்கா அகப்பையைத் தூக்கியதால் கைவிட்டார்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் கோடையில் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டியில் கோடு போடுவதும் தண்ணீர் சுமப்பதும் அண்ணைதான். பரிசளிப்பில் பொன்னாடைத் தட்டை மேடைக்கு ஏந்திப் போவதும் அவரே. வீடு விற்கும் முகவருக்குப் போர்த்துவார்கள், வரிக்கணக்குப் பார்ப்பவருக்குப் போர்த்துவார்கள். அண்ணை வெறும் தட்டோடு இறங்கி வருவார்.

போன கோடையில் எங்கட ஆள் ரசிகர்களோடு படம் எடுக்க டொரோண்டோவுக்கு வந்தார்.

"இவ்வளவு தூரம் வந்த மனுசனை வெறுமனே அனுப்புறதோ? பொன்னாடை போர்த்த வேணும்!" என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். நானும் கூடப் போனேன். வரிசையில் பாதிப் பேர் எங்கட ஆள் ஓய்வு பெற்ற பிறகு பிறந்தவர்கள். எல்லாரும் மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள்.

உள்ளே எந்தப் பொருளும் கொண்டுபோக முடியாது என்று வாசலில் நின்ற காவலர் சொல்லிவிட்டார். அண்ணை கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"அண்ணை, வயிறு என்ன இப்பிடி ஊதிக்கிடக்கு?"

"கதைக்காமல் வாடா!"

எங்கட ஆளுக்கு முன்னால் போனதும் சட்டைக்குள் கையை விட்டு இழுத்தார். சரிகைக்கரை வந்துகொண்டே இருந்தது. இரண்டு காவலர்கள் பாய்ந்து அவரைப் பிடித்தார்கள். அண்ணையின் முகம் செத்துப்போயிற்று.

எங்கட ஆள் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். சிரித்துக்கொண்டே கழுத்தைக் குனித்துக் கொடுத்தார். அண்ணை போர்த்தினார். படமும் எடுத்தாயிற்று.

பாவம், பொன்னாடையை வைத்துக்கொள்ளலாம் என்று பிரேசிலில் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? எங்கட ஆள் அதைக் கழற்றி அண்ணையின் தோளில் அழகாகப் போர்த்தி, முதுகில் தட்டினார். வரிசை முழுவதும் கைதட்டியது.

திரும்பும்போது, பொன்னாடை கசங்கும் என்று அண்ணை காரில் சீட் பெல்ட் போட மறுத்தார். கெஞ்சித்தான் போட வைத்தேன். வழிமுழுக்கச் சரிகைக்கரையைத் தடவிக்கொண்டே வந்தார்.

"தம்பி, இது இவ்வளவு கதகதப்பாய் இருக்குமெண்டு தட்டிலை கொண்டுபோகேக்கை தெரியேல்லையடா," என்றார் கடைசியில்.

அந்த மனுசனை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. கார் ஓட்டிக்கொண்டிருந்தேன், அதனால் தப்பினார்.